இனிப்பு ஒயினுக்கு ஒரு லேபிள்

மைசூரிலிருந்து ஊட்டிக்கோ வயநாட்டுக்கோ போகிற நம் தமிழ்க் குடும்பங்களில் குண்டலுபேட்டையில் வண்டியை நிறுத்தாதவர்கள் குறைவு. நஞ்சன்கூட்டைத் தாண்டி, மைசூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். ஆடி, ஆவணியில் போனால் சாலையின் இரு பக்கமும் செண்டுமல்லியும் சூரியகாந்தியும் பூத்துக் கிடக்கும். பிள்ளைகள் இறங்கிப் படம் எடுத்துக்கொள்ளாமல் விடமாட்டார்கள். 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்த ஊர். பிறகு சாமராஜநகர் மாவட்டத்தோடு போய்விட்டது. ஆனாலும் இங்குள்ளவர்கள் வாயில் இன்னும் மைசூர்ப் பக்கம்தான். நமக்கு இன்னொரு உறவும் உண்டு. நாகப்பட்டினத்தில் கடலோரம் தொடங்கித் தஞ்சாவூர், திருச்சி, கரூர், கோவை, ஊட்டி என்று ஏறி வந்த பழைய 67-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை முடிந்தது இந்த ஊரில்தான். கோவைக்கும் இதற்கும் இடையிலான பகுதிக்கு இப்போது 181 என்று எண் மாறியிருக்கிறது.

நான் சிவகாசியில் லேபிள் அச்சுத் தொழில் கற்றவன். மைசூருக்கு வந்து ஊதுவத்திப் பெட்டிகளுக்கும் மசாலாப் பொட்டலங்களுக்கும் படம் போட்டே காலம் தள்ளினேன். இப்போது குண்டலுபேட்டையில் மகன் வீட்டோடு இருக்கிறேன். இந்த ஊரில் ஸ்குவாஷ், ஜாம், ஊறுகாய் போட்டு விற்கும் கொங்குநாட்டு நண்பர் ஒருவர், முறைப்படி உரிமம் வாங்கி இனிப்பு ஒயின் செய்யலாம் என்ற எண்ணத்தில் என்னிடம் லேபிள் கேட்டு வந்தார். “ஏனுங்கண்ணா, ஸ்குவாஷ் பாட்டிலுக்குப் போட்ட அதே திராட்சைக் கொத்தையே இதுக்கும் போட்டுருங்க. பொம்பளைங்களும் கூச்சமில்லாம எடுத்துக்குவாங்க” என்றார்.

அந்தக் கொத்தை மட்டும் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்பதை விளக்க ஒரு மாலைப்பொழுது போதவில்லை. அவருக்குச் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன். இது குடிக்கச் சொல்லும் கட்டுரை அன்று என்பதை மலரைப் படிக்கும் தாய்மார்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இனிப்பு என்னும் திரை

விருந்து முடிந்தபின், பழத்தோடோ பாயசம் போன்ற இனிப்போடோ சிறிய கிண்ணத்தில் பரிமாறுவதற்கென்று மேல்நாட்டில் செய்யப்படுவது டெசர்ட் ஒயின். திராட்சைச் சாறு புளிக்கும்போது அதிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. எல்லாச் சர்க்கரையும் தீர்ந்தால் துவர்ப்பும் புளிப்புமான சாதாரண ஒயின். சர்க்கரை தீருமுன் ஈஸ்ட்டை நிறுத்திவிட்டாலோ, ஈஸ்ட்டால் தின்று தீர்க்க முடியாத அளவுக்குச் சர்க்கரை இருந்தாலோ, இனிப்பு மிஞ்சும். அதற்குப் பல வழிகள். பழத்தைக் கொடியிலேயே அதிக நாள் விட்டு, சுருங்கிய பிறகு பறிப்பது ஒன்று. பறித்து நிழலில் உலர்த்துவது இன்னொன்று. கனடாவிலும் ஜெர்மனியிலும் பனியில் உறைந்த பழத்தைப் பிழிகிறார்கள். பிரான்சின் சோட்டேர்ன் பகுதியில் பழத்தின்மேல் ஒருவகைப் பூஞ்சை படரக் காத்திருக்கிறார்கள்; அது தோலில் நுண்துளையிட்டு நீரை வற்ற வைக்கிறது. போர்ச்சுகல்காரர்கள் புளித்துக்கொண்டிருக்கும் சாற்றிலேயே திராட்சைச் சாராயத்தை ஊற்றி ஈஸ்ட்டைக் கொன்றுவிடுகிறார்கள். அதுதான் போர்ட்.

லேபிள் பேசவேண்டிய முதல் விஷயம் இங்கேதான் இருக்கிறது. துவர்ப்பான ஒயினையோ விஸ்கியையோ முதன்முதலில் வாயில் வைத்தவருக்கு முகம் சுளிக்கும், நாக்கே எச்சரித்துவிடும். இனிப்பு ஒயினில் அந்த எச்சரிக்கை கிடையாது. போர்ட்டில் ஆல்கஹால் சுமார் 20 சதவீதம். நம் வீட்டு டம்ளர் ஒன்றில் 200 மில்லி ஊற்றினால் அதில் 40 மில்லி சுத்த ஆல்கஹால். நம் நாட்டு விஸ்கி 42.8 சதவீதம், 30 மில்லி சின்ன பெக் மூன்று சேர்ந்தாலும் அந்த 40-ஐத் தொடாது. 12 சதவீதமுள்ள சாதா இனிப்பு ஒயினை எடுத்தாலும் ஒரு டம்ளர் ஏறக்குறைய இரண்டு பெக். சர்க்கரைக் கணக்கு தனி. லிட்டருக்கு 45 கிராமுக்குக் குறையாமல் இருந்தால்தான் ஐரோப்பிய விதிப்படி ‘இனிப்பு’ என்று போடலாம். போர்ட்டில் அது 100 கிராம் அளவில் இருக்கும்.

என் சம்பந்தி வீட்டுப் பெரியம்மா ஒருவருக்கு இது அனுபவமாகவே நேர்ந்தது. ஊட்டிப் பயணத்தில் யாரோ சாலையோரக் கடையில் ‘வீட்டுத் திராட்சை ரசம்’ என்று சொல்லி வாங்கி வந்த பாட்டில். லேபிள் கிடையாது, மூடியில் ஒரு துண்டுக் காகிதம், அவ்வளவுதான். “ஜூஸ்தானே, ரத்தம் ஊறும்” என்று அந்த அம்மாள் இரண்டு டம்ளர் குடித்துவிட்டார். சர்க்கரை வியாதிக்கு ஊசி போட்டுக்கொள்பவர். இரவு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதாயிற்று. பிழைத்துக்கொண்டார்; ஆனால் தான் குடித்தது மது என்பதை இன்றைக்கும் அவர் ஒத்துக்கொள்வதில்லை!

பழியில் ஒரு பங்கு நம் மொழி வழக்குக்கும் உண்டு என்று நினைக்கிறேன். திராட்சை ரசம் என்கிறோம். தேவாலயத்தில் அந்தச் சொல்லுக்குப் புனிதமான பொருள். வீட்டிலோ ரசம் என்றால் சோற்றில் ஊற்றுவது, பழரசம் என்றால் குழந்தைக்குக் கொடுப்பது. கன்னடத்தில் ‘திராக்ஷாரசா’ என்று எழுதினாலும் இதே குழப்பம். சரி, ஒயின் என்றே எழுதிவிடலாமென்றால், தமிழ்நாட்டில் ‘ஒயின் ஷாப்’ என்ற பலகை தொங்கிய கடைகளில் பிராந்தியும் விஸ்கியும் கிடைக்கும், ஒயினைத்தான் தேடவேண்டும். ஆக ஒரு சொல் மதுவைச் சாறாக்குகிறது. இன்னொரு சொல் எல்லா மதுவையும் ஒன்றாக்குகிறது.

மருந்து வேடம்

இந்த மயக்கத்தை வியாபாரிகள் நெடுங்காலமாகவே பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் நாரிச் நகரில் 1880-களில் பிறந்த வின்கார்னிஸ் என்ற டானிக் ஒயினை மலேயா, சிங்கப்பூரில் வாழ்ந்த நம்மவர்களில் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒயினோடு இறைச்சிச் சாறும் மால்ட்டும் கலந்து தொடங்கியதால் ‘ஒயின்’ என்பதையும் இறைச்சியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லையும் ஒட்டி அந்தப் பெயர். இறைச்சி பிற்காலத்தில் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு தேற என்று கொடுக்கும் வழக்கம் அந்த நாடுகளில் இருந்தது. பாட்டிலைப் பார்த்தால் மருந்துக்கடைச் சரக்கு போலவே இருக்கும்.

இதோடு நம் ஆயுர்வேதக் கடையின் திராட்சாரிஷ்டத்தை ஒப்பிட்டுப் பாருங்களேன். அதுவும் திராட்சை புளித்ததுதான். தானாக விளைந்த ஆல்கஹால் பொதுவாக 5 முதல் 10 சதவீதம். ஆனால் அந்த லேபிள் ஒரு விஷயத்தில் நேர்மையானது. உள்ளே ஆல்கஹால் இருக்கிறது என்று சொல்கிறது. எத்தனை மில்லி, எத்தனை வேளை, எவ்வளவு தண்ணீர் கலந்து என்று அளவும் சொல்கிறது. ஒரு மூடி அளவுக்கு மேல் யாரும் குடிப்பதில்லை. கலையழகு அதில் ஒன்றுமில்லைதான். ஆனாலும் லேபிள் என்பது அளவைக் கற்றுக்கொடுக்கும் என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தியாவில் 2018-இல் வந்து 2019 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மதுபானத் தர விதிகள் இந்த மருந்து வேடத்தைக் கலைக்கின்றன. உடல்நலத்துக்கு நல்லது என்ற எந்த உரிமைகோரலும் லேபிளில் கூடாது. ஆல்கஹால் அரை சதவீதத்துக்கு மேலிருந்தால் ‘போதை தராதது’ என்ற பொருளில் எதுவும் எழுதக்கூடாது. மது உடல்நலத்துக்குக் கேடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர் என்ற எச்சரிக்கை கட்டாயம். எழுத்தின் உயரத்தைக்கூட விதியே சொல்கிறது. மாநிலம் விரும்பினால் அதை வட்டார மொழியில் அச்சிடவும் இடமுண்டு. நண்பர் கேட்ட ஸ்குவாஷ் கொத்து இந்த விதிகளில் எதையும் நேராக மீறாது என்பது உண்மை. ஆனால் விதி தடுக்காத பொய்யும் பொய்தானே! ஸ்குவாஷ் பாட்டிலும் ஒயின் பாட்டிலும் ஒரே அலமாரியில், ஒரே படத்தோடு நின்றால், அவசரத்தில் எடுப்பவர் கண்ணாடி போட்டுக்கொண்டு சின்ன எழுத்தைப் படிப்பாரா?

ஜாடியில் எழுதியவர்கள்

லேபிள் ஏதோ இந்தக் காலத்துப் பழக்கம் என்று நினைக்கவேண்டாம். எகிப்தில் துட்டன்காமனின் கல்லறை 1922-இல் கண்டுபிடிக்கப்பட்டபோது உள்ளே மது ஜாடிகள் கிடைத்தன. சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முந்தையவை. பலவற்றின் தோளில் மையால் எழுதியிருந்தார்கள்: மன்னன் ஆட்சியின் எத்தனையாவது ஆண்டு, எந்தத் தோட்டம், செய்தவன் பெயர். சிலவற்றில் ‘இனிப்பு’ என்ற சொல்லும் உண்டு. ஆண்டு, ஊர், பொறுப்பாளி, சுவை என்று அவர்கள் எழுதிவைத்த நாலு செய்திகளை இன்றைய கடைகளில் கிடைக்கும் எத்தனையோ இனிப்பு ஒயின்களில் தேடிப் பிடிக்கவேண்டியிருக்கிறது.

நம் பக்கமும் இதற்குத் தொடர்பு உண்டு. புறநானூற்றில் பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் பாடும்போது யவனர் கொண்டுவந்த குளிர்ந்த நறுமணத் தேறலைச் சொல்கிறார். அது வந்த நல்ல கலத்தையும் மறக்காமல் சொல்கிறார். பொற்கிண்ணத்தில் பெண்கள் ஏந்திக் கொடுப்பது வேறு. பண்டத்தோடு அதன் உறையையும் பரிமாறும் முறையையும் சேர்த்தே பார்த்த கண் அது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது கிடைத்த மத்தியதரைக்கடல் ஜாடி ஓடுகள் அந்த வணிகத்துக்குச் சான்று. தேறல் என்றால் தெளிந்தது. நறவு, மட்டு, தோப்பி என்று வேறு பெயர்களும் உண்டு. இவ்வளவு சொல்வளம் இருந்தும் இன்று நம்மிடம் நிற்பது ‘சரக்கு’ ஒன்றுதான் என்பது எனக்கு வருத்தம், அது போகட்டும்.

கடன் வாங்கிய பெயர்

இந்தியாவில் இனிப்பு ஒயின் என்றதும் பலர் வாயில் வருவது ‘போர்ட்’. கோவாவிலும் பெங்களூரிலும் மகாராட்டிரத்திலும் மலிவான இனிப்பு ஒயின்கள் இந்தப் பெயரில் நெடுங்காலம் விற்றிருக்கின்றன. போர்ட் என்பது போர்ச்சுகலின் போர்ட்டோ நகரால் வந்த பெயர். திராட்சை விளைவது டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில். 1756-லேயே அந்தப் பள்ளத்தாக்குக்கு எல்லை குறித்து, இதற்குள் விளைந்ததற்கே இந்தப் பெயர் என்று அந்நாட்டு அரசு வகுத்துவிட்டது. நம் நஞ்சன்கூடு ரசபாளே வாழைப்பழத்துக்கும் மைசூர் வெற்றிலைக்கும் புவிசார் குறியீடு வாங்கி வைத்திருக்கிறோமே, அதே நியாயம்தான். நஞ்சன்கூட்டுப் பெயரில் வேறெங்கோ விளைந்த பழத்தை விற்றால் இங்கே சும்மா இருப்பார்களா?

தென்னாப்பிரிக்காவும் ஆஸ்திரேலியாவும் ஐரோப்பாவோடு ஒப்பந்தம் செய்துகொண்டு இந்தப் பெயரைக் கைவிட்டன. ஆஸ்திரேலியர்கள் ‘ஷெர்ரி’க்குப் பதில் ‘அபெரா’ என்று ஒரு புதுச் சொல்லையே உண்டாக்கிக்கொண்டார்கள். தென்னாப்பிரிக்கர்கள் ‘கேப்’ என்று தங்கள் மண்ணின் பெயரை முன்னால் வைத்தார்கள். பெயர் போனதால் வியாபாரம் படுத்துவிடவில்லை. சொந்த முகம் கிடைத்தது.

அதே தென்னாப்பிரிக்காவில் க்ளைன் கான்ஸ்டன்ஷியா என்ற தோட்டத்தின் கதை சுவையானது. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய அரண்மனைகளுக்குப் போன இனிப்பு ஒயின் அது. செயின்ட் ஹெலினா தீவில் சிறைப்பட்டிருந்த நெப்போலியனுக்கும் போனது. பிறகு நின்றே போயிற்று. 1986 அறுவடையிலிருந்து அதை மீண்டும் செய்தபோது, வாயால் ஊதிச் செய்த பழைய பாட்டிலின் கோணல்மாணலான வடிவத்தையே 500 மில்லி அளவில் வார்த்தார்கள். லேபிளில் பெரிய ஜோடனை ஒன்றும் கிடையாது. பாட்டிலின் கோணலே கதை சொல்லிவிடுகிறது.

நம் நாட்டில் இந்த வழியில் நடந்தவர்கள் இல்லாமலில்லை. நாசிக்கின் சுலா நிறுவனம் தன் நிறுவனரின் தாயார் சுலபாவின் பெயரைச் சுருக்கி வைத்துக்கொண்டது. மீசை வைத்த சூரிய முகம் அதன் அடையாளம். நம் ஊர் ஐயனார் சிலையைப் பார்த்தது போல் ஒரு நெருக்கம் அந்த முகத்தில் உண்டு. தாமதமாகப் பறித்த செனின் ப்ளாங்க் பழத்தில் அவர்கள் செய்யும் இனிப்பு ஒயினில் ‘லேட் ஹார்வெஸ்ட்’ என்று முறையையே பெயராக எழுதுகிறார்கள். பெங்களூர்க்காரர்களின் ‘பிக் பானியன்’ இன்னும் பக்கம். ராமோஹள்ளி அருகே உள்ள தொட்ட ஆலமரம் நம்மில் பலர் ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போன இடமல்லவா? சுமார் மூன்று ஏக்கர் பரந்து நிற்கும் அந்த மரம்தான் அந்தப் பெயருக்கு மூலம். அவர்களுடைய இனிப்பு ஒயினுக்கு மட்டும் ‘பெல்லிஸ்ஸிமா’ என்று இத்தாலியப் பெயர். ‘மிக அழகானவள்’ என்று பொருள். மஸ்கட் திராட்சையில் செய்தது. ஆலமரம் இருக்க இத்தாலி எதற்கு என்று எனக்குத் தோன்றும். ஆனால் வாங்குகிறவர்கள் பட்டணத்துப் பிள்ளைகள். அவர்களுக்கு அது பிடித்திருக்கலாம்.

மஸ்கட் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கம்பம் பன்னீர் திராட்சையும் மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகைதான். இந்தப் பக்கம் பெங்களூர் நீலத் திராட்சைக்கும் குறியீடு உண்டு. மூக்கைத் துளைக்கும் அந்த வாசம் மேல்நாட்டு ரசிகர்களுக்கு ஆகாது. நமக்கோ திராட்சை என்றாலே அந்த வாசம்தான். நண்பர் செய்ய நினைப்பது இந்த நீலப் பழத்தில். லேபிளில் அதைப் பெருமையாகச் சொல்லுங்கள், ‘போர்ட்’ வேண்டாம் என்றேன். “போர்ட்டுன்னாத்தானுங்க ஜனங்களுக்குப் புரியுது” என்று கொஞ்சநேரம் மல்லுக்கட்டினார்.

ஆறு சென்டிமீட்டர் கண்ணாடி

இனி தொழில் விஷயம். இனிப்பு ஒயின் பெரும்பாலும் 375 மில்லி பாட்டிலில் வருகிறது. வழக்கமான 750-இல் பாதி. ஒருவேளைக்குக் குடிப்பது கொஞ்சம் என்பதால் இந்த அளவு. விட்டம் சுமார் 6 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் சுற்றளவு 19-க்கும் சற்றுக் குறைவு. அலமாரியில் நிற்கும்போது வளைவில் மறையாமல் எதிரே தெரிவது அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் சட்டம் கேட்கும் எழுத்துகள் பெரிய பாட்டிலுக்கு உள்ளவையே: ஆல்கஹால் சதவீதம், கொள்ளளவு, தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், எச்சரிக்கை, கந்தகச் சேர்மம் லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவை எட்டினால் அதன் குறிப்பு. கர்நாடகத்தில் ஒவ்வொரு லேபிளுக்கும் கலால் துறை ஒப்புதல் வேண்டும். மூடியின்மேல் அவர்களுடைய ஒட்டுச்சீட்டும் வரும். தொலைக்காட்சியில் மது விளம்பரம் கூடாதென்று 1994-ஆம் ஆண்டு விதி இருப்பதால் இந்தப் பண்டத்துக்கு லேபிளே விளம்பரம், லேபிளே பலகை, லேபிளே விற்பனையாளர். அந்த ஆறு சென்டிமீட்டருக்குள் எத்தனை பேரை உட்காரவைப்பது?

முன்பக்கத்தில் மூன்று செய்திக்கு மேல் போகக்கூடாது என்பது என் அபிப்பிராயம்: பெயர், ‘இனிப்பு ஒயின்’ என்ற அடையாளம், ஆல்கஹால் அளவு. அந்தச் சதவீதத்தைப் பலர் மூலையில் ஒளித்து வைக்கிறார்கள். பெயருக்கு அடுத்த பெரிய எழுத்தில் அதைப் போடவேண்டும் என்பேன். மற்றதெல்லாம் பின் லேபிளுக்கு.

காகிதம் சாதாரணக் காகிதமாக இருக்கக்கூடாது. இந்த ஒயினைக் குளிரவைத்துப் பரிமாறுவார்கள். பனிக்கட்டி வாளியில் பத்து நிமிஷம் இருந்தால் சாதாரண லேபிள் கழன்று மிதக்கும். ஈரம் தாங்கும் காகிதமும் அதற்கேற்ற பசையும் வேண்டும். இன்னொன்று, புத்தகங்களில் படிக்காமல் சமையலறையில் கற்றது: இனிப்பு ஒயின் வாயிலிருந்து வழிந்து லேபிளில் இறங்கும். நம் ஊரில் மறுநாள் காலை எறும்பு வரிசை! மேலே வார்னிஷ் பூச்சு இருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். போர்ச்சுகல்காரர்கள் நிலவறையில் பல்லாண்டு கிடக்கும் போர்ட் பாட்டில்களுக்குக் காகிதத்தையே நம்பாமல், கறுப்புக் கண்ணாடியில் வெள்ளைச் சாயத்தால் அச்சுத்தகடு வைத்துப் பெயரெழுதினார்கள். அதைப் பார்த்தபோது நம் ஊர் மண்ணெண்ணெய் டின் எழுத்து ஞாபகம் வந்தது. ஆனால் அழகு அதில்தான் இருக்கிறது.

கண்ணாடியின் நிறத்திலும் ஒரு இக்கட்டு உண்டு. வெள்ளைத் திராட்சை இனிப்பு ஒயினின் பொன்னிறம் தெரிய நிறமற்ற பாட்டில் வேண்டும். ஆனால் வெளிச்சம் பட்டால் மணம் கெடும். அதனால்தான் அட்டைப்பெட்டி. பெட்டி விஷயத்தில் மைசூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்தவேண்டியதில்லை. 1916-இல் சந்தன எண்ணெய்த் தொழிற்சாலை தொடங்கி, தொடர்ந்து வந்த மைசூர் சாண்டல் சோப்பை நகைப்பெட்டி போன்ற பெட்டியில் வைத்து, யானைத்தலையும் சிங்க உடலுமான சரபத்தை முத்திரையாகப் பதித்தார்கள். திறப்பதற்கு முன்பே உள்ளே இருப்பது மதிப்பானது என்று கை உணர்ந்துவிடும். நண்பரின் பழம் நீலம், ஒயின் கருஞ்சிவப்பு. அவருக்குக் கரும்பச்சைக் கண்ணாடியே போதும், பெட்டிச் செலவு மிச்சம். பிளாஸ்டிக் பாட்டில் மலிவு என்று ஒரு யோசனை சொன்னார். நீலகிரிப் பக்கம் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையே சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்று ஞாபகப்படுத்தினேன். அதைவிட முக்கியம், கக்கநல்லாவைத் தாண்டினால் தமிழ்நாட்டின் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம். இங்கே வாங்கிய மதுவை அங்கே கொண்டுபோவது சட்டச் சிக்கல். லேபிள் இல்லாத பாட்டிலை ‘ஜூஸ்’ என்று நம்பிக் காரில் வைத்துக்கொண்டு போகும் குடும்பத்துக்கு இது தெரியவா போகிறது? கர்நாடகத்திலும் உரிமமில்லாமல் மது செய்து விற்பது குற்றம்தான். சாலையோரத்தில் ‘வீட்டு ஒயின்’ என்று விற்கும் பாட்டில்களைப் பற்றி இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

எழுத்தைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் சிவகாசியில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள். குண்டலுபேட்டைக் கடைத்தெருவில் கன்னடம், மலையாளம், தமிழ் மூன்றும் பலகைகளில் இருக்கும். மூன்றையும் ஒரே லேபிளில் வைக்க வேண்டுமென்றார் நண்பர். கன்னடமும் மலையாளமும் உருண்டை எழுத்து. வளைந்த கண்ணாடியில் இயல்பாக உட்காரும். தமிழில் ப, ட, ம எல்லாம் பெட்டி எழுத்து, சொல்லும் நீளம். மூன்றையும் ஒரே உயரத்தில் வைத்தால் தமிழ் இரண்டு பக்கமும் வளைவில் போய் மறையும். இறுக்கிக் குறுக்கினால் ‘இனிப்பு’ என்பதில் எழுத்துகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். இரண்டு வரியாகப் பிரிப்பதுதான் வழி: மேலே ‘இனிப்பு’, கீழே ‘ஒயின்’. எந்தச் சொல்லும் மற்றதைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது. பழமைத் தோற்றம் வேண்டுவோர் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய துதிக்கை வைத்த ‘லை’, ‘ணை’ போடச் சொல்வார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நாற்பது வயதுக்குக் கீழே யாருக்கும் படிக்க வராது. எச்சரிக்கை வரியில் அந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

இப்போது என் மேசையில் நாலு மாதிரி கிடக்கின்றன. திராட்சைக் கொத்து எதிலும் இல்லை. மூன்றில் செண்டுமல்லி வயலும் கோபாலசுவாமி மலையும் வெவ்வேறு விதத்தில் இருக்கின்றன. நண்பருக்கு அவை பிடித்திருக்கின்றன. எனக்குப் பிடித்தது நாலாவது. அதில் ஒன்றுமில்லை, ஆறு சின்னக் கிண்ணங்கள், வரிசையாக. 375 மில்லியை 60 மில்லியாகப் பிரித்தால் ஆறு பேருக்கு வரும், கொஞ்சம் மிஞ்சும். “இதைப் பார்த்தா ஒருத்தரே முழுசாக் குடிக்கமாட்டாங்களேங்கண்ணா, வியாபாரம் எப்படிங்க?” என்று கேட்டார். உரிமம் இன்னும் வரவில்லை. அது வருவதற்குள் அவரை நாலாவதற்குச் சம்மதிக்கவைக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.